மகளின் லேப் படிப்புக்கு இபிஎஃப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். கணவர் செம்பனை லோரி ஓட்டுகிறார். நான் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், வயது 43. மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் தேர்வில் அறிவியல் பிரிவை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருக்கிறாள். ஆஸ்பத்திரி லேப்பில் வேலை செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு தனியார் கல்லூரி ஏஜெண்டு, 'ஹெல்த் சயன்ஸ்' டிகிரிக்கு மொத்தம் 68,000 வெள்ளி (ரிங்கிட்), இந்த வாரமே 3,000 கட்டினால் இடம் உறுதி என்கிறார். என் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பில், ஓய்வுக்கு முன்பே சில தேவைகளுக்கு எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்கில் 18,000 இருக்கிறது. அதை எடுத்துக் கட்டிவிட்டு, போதாததற்கு நகையை அடகு வைக்கலாமா?

பதில்: அம்மா, அந்த 3,000 வெள்ளியை இந்த வாரம் கட்டாதீர்கள். நல்ல படிப்பு எதுவும் ஒரு வாரத்தில் ஓடிவிடாது.

முதலில் வேலையைப் பார்ப்போம், பணம் அப்புறம். மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் பட்டியலில் 23 தொழில்கள். மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பர், எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராஃபர், கதிரியக்கச் சிகிச்சையாளர், செவித்திறன் நிபுணர், உணவியல் நிபுணர், பிசியோதெரபிஸ்ட் என்று அது நீளும். இந்த வேலைகளைச் செய்ய அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள துணைச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு வேண்டும். 'ஹெல்த் சயன்ஸ்' என்ற பெயரில் அந்தப் பட்டியலில் தொழில் எதுவும் இல்லை. அப்படியென்றால் இந்த டிகிரி முடித்தவரை மன்றம் எந்தத் தொழிலில் பதிவு செய்யும்? ஏஜெண்டு இதற்கு எழுத்தில் பதில் தரட்டும். படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் அரசு அமைப்பான எம்கியூஏவின் முழு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை எம்கியூஏ இணையப் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம். கைப்பேசியில் உங்கள் மகள் ஐந்து நிமிடத்தில் தேடிவிடுவாள்.

லேப் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், உள்ளே பல உலகங்கள் இருக்கின்றன. இரத்த வங்கியில் இருப்பவர் நோயாளியின் இரத்தத்தோடு கொடையாளியின் இரத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். அங்கே ஒரு லேபிள் மாறினாலும் உயிர் போகலாம். நுண்ணுயிரியல் பிரிவில் கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று கண்டுபிடிக்கிறார்கள். பெரும்பாலும் ஓரிரு நாள் காத்திருக்க வேண்டிய வேலை அது. திசுப் பிரிவில் கட்டியை மெல்லிய தகடாகச் சீவிச் சாயமேற்றி, புற்றுநோயா என்று மருத்துவர் பார்ப்பதற்குத் தயார் செய்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் இரவு ஷிப்டும் உண்டு. மகளுக்கு இதில் எது பிடிக்கும் என்று உட்கார்ந்து கேளுங்கள், ஏனென்றால் செலவு அதைப் பொறுத்துத்தான் மாறும். ஆய்வகத் தொழில்நுட்பர் ஆக டிப்ளோமாவே போதும். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களிலும் அது உண்டு. அந்த வேலை ஈப்போவிலும் கிடைக்கலாம், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் கிடைக்கலாம். அதே பட்டியலில் இருக்கும் கதிரியக்கச் சிகிச்சை வேலை அப்படியில்லை. புற்றுநோய் மையம் இருக்கும் பெரிய நகரத்துக்கே போக வேண்டும். அறை வாடகை, சாப்பாடு எல்லாம் சம்பளத்திலிருந்துதான் போகும்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. பிள்ளையின் படிப்புக்குச் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்க இபிஎஃப் அனுமதிக்கிறது. ஆனால் மூன்று விகிதங்களைப் பாருங்கள். அடகுக்கடை சட்டப்படி மாதத்துக்கு 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம், அதாவது வருடத்துக்கு 24. இபிஎஃப் 2024-க்குக் கொடுத்த ஈவுத்தொகை 6.30 விழுக்காடு. அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன் கடனுக்கு ஆண்டுக் கட்டணம் 1 விழுக்காடு. 6 விழுக்காடு சம்பாதித்துத் தரும் பணத்தை எடுத்து, 1 விழுக்காட்டுக் கடனைத் தவிர்ப்பது நட்டம். ஈவுத்தொகை 5.5 என்று குறைத்தே வைத்தாலும், உங்கள் 18,000 நீங்கள் 55 வயதைத் தொடும்போது 34,000 வெள்ளியைத் தாண்டியிருக்கும். தோட்டத்து லைன் வீட்டில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன்: தோட்ட வேலை நிற்கும்போது பல நேரங்களில் வீடும் போகும். அந்தப் பணத்தின் மேல் கை வைக்காதீர்கள். நகையையும் தொடாதீர்கள்.

பிடிபிடிஎன் கடன் மகள் பெயரில் வரும், படிப்பு முடிந்த பிறகுதான் கட்டத் தொடங்க வேண்டும். முதல் வகுப்பில் தேறினால் விலக்குக் கிடைக்கும் வழியும் இருக்கிறது, ஆனால் நிபந்தனைகள் உண்டு. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். தனியார் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் பிடிபிடிஎன் தாங்காது. அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்று: மகள் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யூபியு மூலம் விண்ணப்பித்தாளா? கெபாங்சான் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் இருக்கிறது, செவித்திறனும் உணவியலும் இருக்கின்றன. அறிவியலில் நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் பிள்ளை அந்த வாசலைத் தட்டாமல் 68,000 வெள்ளிக் கதவுக்கு முதலில் போகவே கூடாது. முடிவு வந்ததும் எழுதுங்கள். விடுதிச் செலவுக்கும் மடிக்கணினிக்கும் மாதம் எவ்வளவு ஒதுக்குவது என்று உங்கள் இருவர் சம்பளத்தையும் வைத்துப் பார்ப்போம்.