பக்கவாத்தியத்தின் மேல் ஒரு புகார்

கேள்வி: நீங்கள் சிபாரிசு செய்தீர்களே என்று கனடா பாடகி ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா' (1976) ஆல்பத்தைக் கேட்டேன். குரலும் வரிகளும் அருமை. ஆனால் ஜாஸ் கலக்கிறேன் பேர்வழி என்று பக்கவாத்தியம் பாட்டை அமுக்கும்படி விட்டுவிட்டாரே? அந்த பேஸ் கிடார்காரர் கொஞ்சம்கூட சும்மா இருக்க மாட்டாரா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: மன்னார்குடி ஈஸ்வரன் என்று மிருதங்கத்தோடு சேர்த்தே பெயர் சொல்கிற ஊரிலிருந்து பக்கவாத்தியத்தின் மேல் புகாரா? கலிகாலம்.

பக்கவாத்தியம் என்ற அந்தச் சொல்லை மட்டும் எழுதாமல் இருந்திருந்தால் ஒழுங்காகப் பதில் சொல்லியிருப்பேன். கச்சேரி நடுவே தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஜனங்கள் எழுந்து போவதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் புலம்பாத டிசம்பர் கச்சேரி சீசன் கிடையாது. பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்தால் போதும், கடைசி வரிசையிலிருந்து கேன்டீனுக்கு ஊர்வலம் கிளம்பிவிடும். பாவம், கஞ்சிராக்காரர் கணக்குப் போட்டுக் கோர்வையை முடித்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே இடம் பிடித்துவைத்த கைப்பைகள்தான் உட்கார்ந்திருக்கும். கைப்பைகள் தப்பாகத் தாளம் போடுவதில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். இதை எழுதப்போய், 'கேன்டீன் வியாபாரத்தைக் கெடுக்கிறீர்கள்' என்று ஒரு சபா செயலாளர் கடிதம் போட்டார். தனி முடியும்வரை வாழைப்பூ வடையை வெளியே எடுக்காதீர்கள், கூட்டம் தானாக உட்காரும் என்று பதில் எழுதினேன். அதோடு ஓசி பாஸ் நின்றுவிட்டது. இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்த் திட்டுகிறேன்.

சரி, ஹெஜிராவுக்கு வருவோம்.

நீங்கள் குற்றம்சாட்டுகிற ஜாகோ பஸ்டோரியஸ் (கீழ் ஸ்தாயி கிடாரான பேஸை வாசித்தவர்), பாட்டுகளின் அடிப்படைப் பதிவு முடிந்த பிறகுதான் ஜோனிக்கு அறிமுகமானார். ஏற்கெனவே பதிவாகியிருந்ததன் மேல்தான் தன் வாசிப்பை ஏற்றினார். கச்சேரி முடிந்து ஜமக்காளத்தைச் சுருட்டுகிற நேரத்தில் வந்து சேர்ந்த பக்கவாத்தியம் அவர்! அப்படிப்பட்டவர் பாடகியை எப்படி அமுக்க முடியும்? அதிலும் ஒன்பது பாட்டில் நான்கில்தான் இருக்கிறார்: 'கயோட்டி', 'ஹெஜிரா', 'பிளாக் க்ரோ', 'ரெஃப்யூஜ் ஆஃப் தி ரோட்ஸ்'. 'அமீலியா'வில் பேஸே கிடையாது. ஜோனியின் கிடார், லாரி கார்ல்ட்டனின் கிடார், விக்டர் ஃபெல்ட்மனின் வைப்ராஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கிற வாத்தியம்), அவ்வளவுதான். 1937-இல் பசிபிக் கடல் மேல் விமானத்தோடு காணாமல் போன விமானி அமீலியா இயர்ஹார்ட்டிடம் பேசுகிற பாட்டு அது. உங்களுக்கு பேஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்பக் கேளுங்கள், தப்பே இல்லை.

ஜோனி விளையாட்டுக்கு ஜாஸ் பக்கம் போகவில்லை. ஒன்பது வயதில் போலியோ. இடது கைக்கு வலு போதவில்லை, அதனால் கிடார் தந்திகளையே தன் சௌகரியத்துக்கு மாற்றிச் சுருதி கூட்டிக்கொண்டார். அப்படிப் பிறந்த கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டங்கள்) எந்தப் பக்கம் திரும்பும் என்று ராக் வாத்தியக்காரர்களுக்குப் பிடிபடவில்லை. ஜாஸ் ஆட்களைக் கூப்பிடு என்று டிரம்மர் ரஸ் கங்கலே சொல்லிவிட்டார். 1974-இல் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' ஆல்பத்துக்கு டாம் ஸ்காட்டின் எல்.ஏ. எக்ஸ்பிரஸ் என்ற ஜாஸ் குழு வந்தது அப்படித்தான். அப்புறமும் பேஸ் விஷயத்தில் ஜோனிக்குத் திருப்தி இல்லை. கார்டின் ஆதார ஸ்வரத்தில் முளையடித்த மாதிரி நிற்பதுதான் பேஸின் வேலை என்று எல்லோரும் அவருக்கே பாடம் எடுத்தார்கள்.

அப்போது வந்தார் 24 வயது ஜாகோ. கையில் மெட்டு (விரல் வைக்க இடம் காட்டுகிற குறுக்குக் கட்டை) இல்லாத ஃபெண்டர் ஜாஸ் பேஸ். விரல் ஓடுகிற பலகையில் படகுக்குப் பூசுகிற எபாக்சி பிசினைப் பூசிவைத்திருந்தார். மெட்டு இல்லை என்றால் என்ன ஆகும் என்று சித்ரவீணை என்கிற மெட்டில்லாத வீணையைக் கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகலாம். 'கயோட்டி'யில் ஜோனி மூச்சுவிடாமல் கதை சொல்லிக்கொண்டே போகிறார். வரி முடிகிற இடத்தில் பேஸ் மேலே ஏறி மணி மாதிரி நாலு ஸ்வரத்தை உதிர்த்துவிட்டு இறங்கிவிடுகிறது. தலைப்புப் பாட்டில் சில இடங்களில் நான்கு பேஸ்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. நான்கும் ஜாகோதான். மெய்ன் மாநிலத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை தன்னந்தனியாகக் கார் ஓட்டிவந்தபோது பிறந்தவைதான் இந்த ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகள். பல்லவி என்று திரும்பிவர ஓர் இடம் அநேகமாக எதிலும் இல்லை. அந்த நீளத்துக்கு ஒருத்தராவது பேச்சுத்துணை வேண்டாமா? குறுக்கே பேசுகிறார் என்கிறீர்கள். எனக்கு என்னவோ ஜோனி பேச விட்டிருக்கிறார் என்றுதான் படுகிறது.

இங்கே நிலைமை வேறு. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று எத்தனையோ காலம் இருந்துவிட்டு, பிறகுதான் பாடகி டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். அவர் கைக்கு நான் அடிமை. அதற்காக அந்தக் கொள்கையை மெச்ச முடியாது. இதைச் சொன்னால் மூன்று வாசகர்கள் சந்தாவை நிறுத்துவார்கள். நிறுத்தட்டும்.

1979 செப்டம்பரில் சாண்டா பார்பராவில் நடந்த கச்சேரியை மறு வருஷம் 'ஷேடோஸ் அண்ட் லைட்' என்று ஜோனி வெளியிட்டார். ஜாகோ, கிடாருக்குப் பாட் மெத்தினி, தாளத்துக்கு டான் அலியாஸ். அதில் இரண்டு உருப்படிகளின் தலைப்பே 'பாட்ஸ் சோலோ', 'டான்ஸ் சோலோ'. பின்னது சுத்தமான தனி ஆவர்த்தனம். ஜோனி மிட்செல் தட்டில் ஜோனி மிட்செல் வாயே திறக்காத உருப்படி, அதுவும் வாசித்தவர் பெயரிலேயே! என் அலமாரியில் இருக்கிற நம்மூர் இசைத்தட்டுகளிலோ இடம் போதவில்லை என்றதும் முதலில் கத்தரி விழுந்தது தனியின் மேல்தான்.

கடைசியாக ஒன்று. கைபேசியின் ஸ்பீக்கரிலேயே பாட்டுக் கேட்கிறவர்களுக்கு பேஸ் காதிலேயே விழாது. உங்களை அது இத்தனை தொந்தரவு செய்கிறது என்றால் வீட்டில் பிரமாதமான ஸ்பீக்கர் இருக்க வேண்டும். என்ன கம்பெனி, என்ன விலை என்று ஒரு கார்டு போடுங்களேன்.