இடதுசாரி, வலதுசாரி, சோஷலிசம் என்றெல்லாம் படித்தும் அரசியல் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கொள்கைப் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு, வாக்கை எப்படி எண்ணுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். எங்கள் மொரீசியஸில் அப்படித்தான் எனக்கு அரசியல் புரிந்தது.

கட்சிப் பெயர்களை மட்டும் பார்த்தால் இந்தத் தீவே இடதுசாரி என்று நினைப்பீர்கள். ஒன்று தொழிற்கட்சி. இன்னொன்று, எம்.எஸ்.எம்., போர்க்குண சோஷலிச இயக்கம். பழமைவாதிகள் என்று பேர் வாங்கிய கட்சியின் பெயரிலும் ‘சமூக ஜனநாயகம்’ உண்டு! 1969இல் தீவிர இடதுசாரிகளாகக் கிளம்பிய எம்.எம்.எம். கட்சியின் போல் பெரெஞ்சே, 1982இல் நிதியமைச்சராகி, சர்வதேச நாணய நிதியம் கேட்ட சிக்கனத்தை நடத்தினார். பிறகு 1995இல் தொழிற்கட்சியோடு கூட்டு, 2000இல் எம்.எஸ்.எம்.மோடு கூட்டு, 2014இலும் 2024இலும் மறுபடி தொழிற்கட்சியோடு. கொள்கையை வைத்து இதை விளக்கப் புகுந்தால் தலை சுற்றும்.

வாக்குச் சீட்டை வைத்துப் பார்த்தால் சுற்றாது. 20 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர்கள். வாக்காளர் மூன்று பேருக்குக் குறி போட்டே ஆக வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் சீட்டு செல்லாது. மொரீசியஸோடு சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவுக்கு மட்டும் இரண்டு இடம். மூன்றையும் ஒரே அணிக்குப் போடுங்கள் என்றுதான் கட்சிகள் கேட்கும். அலை அடித்தால் எதிரணிக்கு ஒன்றும் மிஞ்சாது. 1982, 1995, 2024 என மூன்று முறை ரோட்ரிக்ஸ் நீங்கலாக 60க்கு 60. கடைசி முறை வென்ற அணி வாங்கிய வாக்கு 60 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தனித்து நின்று துடைத்தெறியப்படுவதைவிட நேற்றைய எதிரியோடு பந்தியில் உட்காரலாம் என்று யாருக்கும் தோன்றும்.

1995 தேர்தலுக்கு முந்தின இரவு எங்கள் பாட்டி சமையலறை மேசையில் நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் பெருக்கல் குறி போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது; சின்னங்கள் தெரியும். எண்ணிப் பார்த்தேன், மூன்று சரியாக இருந்தது. ஆனால் “இரண்டு அலைக்கு, ஒன்று நம்ம பிள்ளைக்கு” என்றார், கிரியோலில்தான். (வீட்டில் தமிழ் பேசிய கடைசித் தலைமுறை அவருடைய அம்மா. எனக்குத் தமிழ் பள்ளிக்கூடத்தில் வந்தது.) நம்ம பிள்ளை என்றால் தோற்கப்போகிற அணியில் நின்ற ஒரு தமிழர். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

வேட்பாளர் பட்டியல் போடுகிறவர்களுக்கு இந்தப் பாட்டிகளை நன்றாகத் தெரியும். ஒரு தொகுதியின் மூன்று பேரில் யார் எந்தச் சமூகம் என்பதை மளிகைக்கடைத் தராசில்போல நிறுப்பார்கள். அரசியல் சட்டமும் நிறுக்கிறது. வேட்புமனுவில் இந்து, முஸ்லிம், சீனர், பொது மக்கள் (முதல் மூன்றிலும் சேராதவர்கள்) என்ற நான்கில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோற்றவர்களில் அதிக ஆதரவு பெற்ற எட்டுப் பேர் வரை, குறைவாக வந்த சமூகங்களைப் பார்த்து உள்ளே எடுத்துக்கொள்ளப்படுவார்கள். கணக்குக்கு ஆதாரம் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு! புதிய கணக்கு இல்லாமல் சமூகத்தைச் சொல்லக் கட்டாயப்படுத்துவது தவறு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. எனக்கு இந்த முறை பிடிக்காது. ஆனாலும் 2024இல் எதிர்க்கட்சித் தலைவரே இந்த வாசல் வழியாகத்தான் சபைக்குள் வந்தார் என்பதை மறைக்க முடியாது.

அந்த நான்கில் தமிழர் என்று ஒன்று இல்லை, கவனித்தீர்களா? எங்கள் ரூபாய் நோட்டில் தமிழுக்குத் தனி வரி உண்டு. 1998இல் அதை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது தமிழர்கள் கொதித்தார்கள், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. வேட்புமனுவிலோ நாங்கள் இந்து என்ற கட்டத்துக்குள் அடக்கம்.

பாட்டியின் பிள்ளை தோற்றுப்போனார். தோற்றவர்களிலிருந்து எடுப்பார்களாமே என்று வானொலிப் பெட்டி அருகிலேயே உட்கார்ந்திருந்தார் பாட்டி. இந்துக்கள் ஏற்கெனவே சபையில் போதிய அளவு இருக்கிறார்கள், அதனால் அவருக்கு வராது என்று அப்பா விளக்கினார்.

“அவன் தமிழனாச்சே” என்றார் பாட்டி.