கெர்னலின் உள்ளீடு-வெளியீட்டைப் பின்தொடரும் ஸ்கிரிப்டுகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, வட்டில் நடக்கும் ஒவ்வொரு வாசிப்புக்கும் எழுதலுக்கும் ஆகும் நேரத்தை அளப்பதற்காக, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ஒரு செயற்கூற்றில் கேபுரோப் (ஓடும் கெர்னலுக்குள் வைக்கும் கண்காணிப்புக் கொக்கி) வைத்து ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். இரண்டு ஆண்டுகள் சரியாக ஓடியது. கெர்னலைப் புதுப்பித்ததும், அந்தச் செயற்கூறு இல்லை என்று பிழை காட்டி நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் இப்படித் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?

பதில்: பிழை காட்டி நின்றதே உங்களுக்குக் கிடைத்த நன்மை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிற்காமல் ஓடி, தவறான எண்களை அச்சிட்டுக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டைப் பற்றித்தான் நாம் அதிகம் அஞ்ச வேண்டும்.

லினக்ஸ் கெர்னல், பயனர் நிரல்கள் நம்பியிருக்கும் கணினி அழைப்புகளை மாறாமல் காக்கிறது. ஆனால் தனக்குள் இருக்கும் செயற்கூறுகளின் பெயரையோ, அவற்றுக்குக் கொடுக்கப்படும் மதிப்புகளின் வரிசையையோ காப்பதாக அது யாருக்கும் வாக்களித்ததில்லை. கேபுரோப் அந்த உட்பகுதியில்தான் கொக்கி போடுகிறது. உள்ளீடு-வெளியீட்டுக் கணக்கைத் தொடங்கிவைக்கும் ‘பிஎல்கே_அக்கவுண்ட்_ஐஓ_ஸ்டார்ட்’ என்ற செயற்கூற்றைப் பல கருவிகள் ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தன. 2022 ஜனவரியில் வெளியான 5.16 பதிப்பில், வேகம் கருதி அதன் உடல் அழைக்கும் இடத்திலேயே கரைக்கப்பட்டது. மீதி வேலை, முன்னால் இரண்டு அடிக்கோடுகள் சேர்ந்த வேறொரு பெயருக்குப் போனது. மாற்றம் செய்தவர்கள் மீது குறை சொல்ல எதுவும் இல்லை, ஏனெனில் கொக்கி போட்டவர்கள் அனுமதி கேட்டுப் போடவில்லை.

ஆகவே, கெர்னலை எழுதுபவர்களே கண்காணிப்புக்கென்று விட்டுவைத்திருக்கும் டிரேஸ்பாயிண்டுகளுக்கு மாறுங்கள். கோரிக்கை சாதனத்துக்குப் போகும் நொடிக்கு ‘பிளாக்_ஆர்க்யூ_இஷ்யூ’, முடியும் நொடிக்கு ‘பிளாக்_ஆர்க்யூ_கம்ப்ளீட்’ ஆகிய இரண்டும் உங்கள் தேவைக்குப் போதும். வரிசையில் காத்திருந்த நேரத்தையும் சேர்த்து அளக்க வேண்டுமானால், 2023 ஆகஸ்டில் வந்த 6.5 பதிப்பு முதல் ‘பிளாக்_ஐஓ_ஸ்டார்ட்’, ‘பிளாக்_ஐஓ_டன்’ என்ற இரண்டு டிரேஸ்பாயிண்டுகள் அதற்காகவே இருக்கின்றன.

டிரேஸ்பாயிண்டும் கல்வெட்டு அன்று. 2021-இல் வந்த 5.11 பதிப்பில், ‘பிளாக்_ஆர்க்யூ_இஷ்யூ’வுக்குக் கொடுக்கப்பட்டுவந்த இரண்டு மதிப்புகளில் முதலாவது நீக்கப்பட்டது. அந்த மதிப்புகளை, கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் வசதியான இபிபிஎஃப் வழியாக நேரடியாக எண்ணி எடுத்தவர்களின் நிரல்கள் இடம் மாறிப் படித்தன. டிரேஸ்பாயிண்டை விவரிக்கும் ஃபார்மட் கோப்பில் அறிவிக்கப்பட்ட புலங்களைப் பெயர் சொல்லிப் படித்தவர்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. ஒரே டிரேஸ்பாயிண்டைப் பயன்படுத்தினாலும், எதை ஆதாரமாகக் கொண்டு படிக்கிறோம் என்பதில் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது. 2005-இல் வெளியான சோலாரிஸ் 10 இயங்குதளத்தின் பின்தொடரும் கருவியான டிடிரேஸில், உள்ளீடு-வெளியீட்டுக்கென்று நிலையான பெயர்களும் நிலையான புலங்களும் கொண்ட தனி ‘புரொவைடரை’ (கண்காணிப்புப் புள்ளிகளின் தொகுப்பை) வைத்திருந்தார்கள். அந்த எண்ணம் மிகச் சரியானது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: பல பதிப்புகளில் ஓட வேண்டிய ஸ்கிரிப்டில், கெர்னலின் பதிப்பு எண்ணைப் பார்த்து வழி பிரிப்பது முறையா?

பதில்: முறையன்று. லினக்ஸ் வழங்கல்களைத் தயாரிப்பவர்கள் புதிய பதிப்பின் மாற்றங்களைப் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து சேர்ப்பது வழக்கம் என்பதால், எண் ஒன்றைச் சொல்லும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். எண்ணைக் கேட்காமல் பொருளையே கேளுங்கள். டிரேஸ்பாயிண்ட் இருக்கிறதா என்பதை நிகழ்வுகளின் அடைவில் பாருங்கள். புலம் இருக்கிறதா என்பதை ஃபார்மட் கோப்பில் பாருங்கள். இபிபிஎஃப் நிரலானால், கெர்னலின் தரவுக் கட்டமைப்புகளை விவரிக்கும் பிடிஎஃப் தகவலைக் கொண்டு, குறிப்பிட்ட உறுப்பு அந்தக் கட்டமைப்பில் இருக்கிறதா என்று நிரலுக்குள்ளேயே சோதியுங்கள். கோரிக்கையிலிருந்து வட்டைச் சுட்டிய உறுப்பு 5.17-இல் நீக்கப்பட்டு, வட்டை வரிசையின் வழியாக அடைய வேண்டியதானபோது, இப்படிச் சோதித்த நிரல்கள் இரண்டு வகைக் கெர்னல்களிலும் ஓடின. எதுவும் கிடைக்காவிட்டால், எது கிடைக்கவில்லை என்று பெயரோடு சொல்லி ஸ்கிரிப்ட் நிற்க வேண்டும்; ஊகித்துத் தொடரக் கூடாது.

கேள்வி: என் தரவுத்தளம் எழுதுகிறது என்பது உறுதி. ஆனால் ஸ்கிரிப்டின் வெளியீட்டில் ‘கேவொர்க்கர்’ என்ற பெயரே வருகிறது. ஸ்கிரிப்டில் பிழையா?

பதில்: ஸ்கிரிப்டில் பிழை இல்லை, அந்தப் பெயர் வரும் நெடுவரிசையின் தலைப்பில்தான் பிழை இருக்கிறது. நிரல் எழுதும் தரவு முதலில் நினைவகத்தின் பக்கத் தற்காலிகத்தில் (பேஜ் கேச்) தங்குகிறது. பிறகு கெர்னலின் பணியாள் இழை அதை வட்டுக்கு அனுப்புகிறது. கோரிக்கை புறப்படும் நொடியில் செயலியில் (சிபியு) இருப்பது அந்தப் பணியாள்தான். முடிவு நிகழ்வில் பெயரைப் படிப்பது இன்னும் தவறு. அங்கே கிடைப்பது, சாதனத்தின் குறுக்கீடு (இன்டரப்ட்) வந்தபோது தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த நிரலின் பெயர். தலைப்பை ‘அனுப்பிய இழை’ என்று மாற்றுங்கள். எழுதியவர் யார் என்பது தேவையானால், எழுதும் கணினி அழைப்பையோ கோப்பு முறைமை அடுக்கையோ தனியாகப் பின்தொடர வேண்டும்.

கேள்வி: சில கோரிக்கைகளுக்கு எதிர்மறை நேரம் வருகிறது, சிலவற்றுக்கு முடிவு நிகழ்வே வருவதில்லை. எங்கே தேடுவது?

பதில்: எதிர்மறை நேரத்துக்குப் பெரும்பாலும் கடிகாரமே காரணம். கெர்னலோடு வரும் பின்தொடரும் வசதியான எஃப்டிரேஸ் இயல்பாகப் பயன்படுத்தும் ‘லோக்கல்’ கடிகாரம் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியானது. ஒரு செயலியில் புறப்பட்ட கோரிக்கை மற்றொன்றில் முடியும்போது இரண்டையும் கழித்தால் இப்படி நேரலாம். டிரேஸ் கடிகாரத்தை ‘குளோபல்’ அல்லது ‘மோனோ’ என்று ஸ்கிரிப்டே தொடக்கத்தில் அமைத்து, முடியும்போது பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும்.

காணாமல் போகும் நிகழ்வுகளுக்கு இரண்டு காரணங்களைத் தேடுங்கள். நிகழ்வுகளைச் சேமித்துவைக்கும் எஃப்டிரேஸின் வளையத் தாங்கல் இயல்பாக ஒரு செயலிக்கு 1408 கிலோபைட். பரபரப்பான வட்டில் அது சீக்கிரம் நிரம்பி, பழையவை அழிந்துவிடும். ஒவ்வொரு செயலிக்கும் உள்ள புள்ளிவிவரக் கோப்பில் ‘ஓவர்ரன்’ என்ற எண் இந்த இழப்பைச் சொல்கிறது. அந்த எண்ணை அச்சிடாமல் முடியும் ஸ்கிரிப்டின் சராசரிகளை நான் ஏற்றுக்கொள்வதில்லை. மற்றொரு காரணம், தொடக்கத்தையும் முடிவையும் இணைக்கும் திறவுகோல். சாதன எண்ணும் செக்டர் எண்ணும் சேர்ந்தால் தனித்துவம் கிடைக்கும் என்று நாம் நினைக்கிறோம். வட்டின் தற்காலிகத்தில் இருப்பதை நிலையாக எழுதச் சொல்லும், தரவே இல்லாத ஃப்ளஷ் கோரிக்கைகளுக்குச் செக்டர் எண்ணால் பொருள் எதுவும் இல்லை. இபிபிஎஃப் நிரலில் கோரிக்கையின் முகவரியையே திறவுகோலாக வைத்து, முடிவு நிகழ்வில் அந்தப் பதிவை மறவாமல் நீக்குங்கள், ஏனெனில் கெர்னல் அதே முகவரியை அடுத்த கோரிக்கைக்குத் திரும்பப் பயன்படுத்தும்.

கேள்வி: திருத்திய ஸ்கிரிப்ட் சரியான எண்களைத்தான் தருகிறது என்பதை எப்படி உறுதி செய்வது?

பதில்: விடை முன்கூட்டியே தெரிந்த வட்டு ஒன்றை அதன்முன் வையுங்கள். கெர்னலிலேயே ‘நல்_பிஎல்கே’ என்ற போலி வட்டுக்கான மாட்யூல் இருக்கிறது. அதன் ‘ஐஆர்க்யூமோட்’ அளபுருவை 2 ஆக்கி, ‘கம்ப்ளீஷன்_நானோசெக்’ மதிப்பை 10,00,000 என்று வைத்தால், ஒவ்வொரு கோரிக்கையையும் அது ஒரு மில்லிநொடி கழித்தே முடித்துத் தரும். வட்டுக்குச் சோதனைச் சுமை தரும் எஃப்ஐஓ கருவியால், பக்கத் தற்காலிகத்தைத் தவிர்க்கும் நேரடி வாசிப்பு முறையில், 4 கிலோபைட் அளவுள்ள 1,000 கோரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புங்கள். அந்த வாசிப்புகளுக்கென்று ஸ்கிரிப்ட் 1,000 வரிகளைக் காட்ட வேண்டும்; ஒவ்வொன்றிலும் 8 செக்டர்களும், ஒரு மில்லிநொடியைச் சற்றே தாண்டிய நேரமும் இருக்க வேண்டும். செக்டர் என்பது இங்கே எப்போதும் 512 பைட் என்பதால், 8 என்ற எண்ணில் வட்டின் வகையால் மாற்றம் வராது.

நீங்கள் ஆதரிக்கும் ஒவ்வொரு கெர்னலையும் மெய்நிகர் கணினியில் எழுப்பி இதே சோதனையை ஓட்டுங்கள். புதிய கெர்னலை நிறுவும் முன்பும் ஓட்டுங்கள். 1,000-க்கு 998 வந்தாலும் விடாமல் காரணத்தைத் தேடுங்கள். நான் பராமரிக்கும் ஒரு ஸ்கிரிப்டில் அப்படிக் குறைந்தபோது, பின்தொடர்தல் தொடங்குவதற்கு முன்பே வாசிப்புகள் புறப்பட்டிருந்தன. அன்று முதல், டிரேஸ்பாயிண்ட் இயங்கத் தொடங்கியதை உறுதிசெய்த பிறகே சோதனைச் சுமையை அனுப்பும்படி அதை மாற்றி வைத்திருக்கிறேன்.