வெள்ளணு நார்மல், பிறகு எதற்கு பி.சி.ஆர்.?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. சி.எம்.எல். ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு வருடமாக தினமும் இமாடினிப் 400 மி.கி. சாப்பிடுகிறார். வெள்ளணுக்கள் இப்போது நார்மல். ஆனால் 12-வது மாத பி.சி.ஆர். ரிப்போர்ட்டில் 0.6% என்று இருக்கிறது. குமட்டுகிறது என்று வாரத்தில் ஓரிரு நாள் மாத்திரையை விட்டுவிடுகிறார். பரவாயில்லையா?

பதில்: விடக் கூடாது. குமட்டலுக்கு வழி இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த 0.6% என்னவென்று பார்த்துவிடுவோம்.

இந்த நோயில் 9-வது குரோமோசோமிலுள்ள ஏ.பி.எல். மரபணு உடைந்து, 22-வது குரோமோசோமிலுள்ள வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. சாதாரண ஏ.பி.எல். புரதம் தேவைப்படும்போது மட்டும்தான் வேலை செய்யும். ஒட்டு மரபணுவின் புரதமோ ஸ்விட்ச் சிக்கிக்கொண்ட காலிங்பெல் மாதிரி ஓயாமல் அடிக்கும். செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து மற்றப் புரதங்கள்மேல் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்த சிக்னல் கைமாறிக் கைமாறி செல்லின் உட்கருவுக்குப் போய், செல்லைப் பெருகவைக்கும் மரபணுக்களையும் அதைச் சாகவிடாத மரபணுக்களையும் முடுக்கிவிடுகிறது.

அந்தப் புரதத்தில் ஏ.டி.பி. உட்கார வேண்டிய பள்ளத்தில் இமாடினிப் உட்கார்ந்துவிடுவதால் சிக்னல் நிற்கிறது. ஆனால் மரபணு அங்கேயேதான் இருக்கிறது. இந்த மருந்து ரத்தத்தில் ஏறக்குறைய 18 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரு நாள் விட்டால் இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே 48 மணி நேரம் ஓடிவிடும்.

வெள்ளணு எண்ணிக்கை மொத்தத் தலைகளைத்தான் எண்ணுகிறது. பி.சி.ஆர். அந்த ஒட்டு மரபணு எழுதித்தரும் ஆர்.என்.ஏ. நகல்களையே எண்ணுகிறது. சிகிச்சைக்கு முன் இருக்கும் சராசரி அளவை 100% என்று வைத்தால், 3 மாதத்தில் 10%, 6 மாதத்தில் 1%, 12 மாதத்தில் 0.1% அல்லது அதற்கும் கீழே வர வேண்டும் என்பது கணக்கு. 0.6% என்பது மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமல்ல, எச்சரிக்கை. பதற வேண்டாம், ஆனால் அலட்சியமும் கூடாது.

சரி, குமட்டல். வெறும் வயிற்றில் வேண்டாம். நன்றாகச் சாப்பிட்ட கையோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் மாத்திரையை விழுங்கட்டும், உடனே படுக்க வேண்டாம். அப்படியும் குமட்டினால் அதற்கு மாத்திரை எழுதித்தருவார்கள். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. கிரேப்ஃப்ரூட் பழத்தைத் தவிர்க்கவும். மருத்துவரைக் கேட்காமல் நாட்டு மருந்து எதுவும் வேண்டாம்.

மாத்திரையை நிறுத்துவது சிலருக்குச் சாத்தியம்தான். ஆனால் பல வருடம் மருந்து சாப்பிட்டு, 0.01%க்கும் கீழே குறைந்தது இரண்டு வருடமாவது நிலைத்தவர்களுக்கு மட்டும், அதுவும் மருத்துவர் கண்காணிப்பில். அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது.

அடுத்த முறை போகும்போது, விட்ட நாட்களை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எண் இறங்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்தப் பள்ளத்தின் வடிவமே மாறி, மருந்து உட்கார முடியாமல் போவது. அதைக் கண்டுபிடிக்கத் தனி மரபணுப் பரிசோதனை இருக்கிறது. விட்ட நாட்கள் தெரியாவிட்டால், நல்ல மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து அவர் வேறு மருந்துக்கு மாற்றிவிடக்கூடும்.