மலையில்லாத ஊரில் நிலக்காட்சி

வணக்கம். தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். ஓராண்டாக ஞாயிறுதோறும் எண்ணூருக்கும் காசிமேட்டுக்கும் சென்று வரைந்து வருகிறேன். பார்த்த பொருள்கள் எல்லாம் தாளில் வந்துவிடுகின்றன. காட்சி மட்டும் வருவதில்லை. நம் பகுதியில் மலையோ அருவியோ இல்லாததுதான் காரணமா? பழைய ஓவியர்களைப் பார்த்து வரையச் சொல்கிறார்கள். அது வெறும் நகலெடுப்பாகிவிடாதா? யாரிடமிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மலை இல்லாதது குறையன்று. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களுக்கும் வாய்த்தது உங்களுடையதைப் போலத் தட்டையான, கால்வாயும் மணலும் நிறைந்த நிலந்தான். ஆகவே யாக்கோப் வான் ரூயிஸ்டாலிடமிருந்து தொடங்குங்கள் என்பேன். 1670-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் வரைந்த ஹார்லெம் நகரத் தோற்றம் ஒன்று ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 62 செ.மீ. அகலமே உள்ள படம். ஊருக்கு வெளியே, புல்வெளியில், வெளுப்பதற்காகத் துணிகளை நீளநீளமாக விரித்திருக்கிறார்கள். (கம்பெனியாருக்குத் துணி வெளுத்தவர்களால் பெயர்பெற்ற வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.)

அந்தப் படத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வானம். எஞ்சிய நிலத்தில் மேக நிழலும் வெயிலும் பட்டைபட்டையாக மாறி விழுகின்றன. வெயில் விழும் இடம், பார்த்து வைத்ததுபோல, அந்தத் துணிகளின் மேல். கண் அந்தப் பட்டைகளைப் படிகளாக்கி ஏறி, அடிவானக் கோட்டை மீறி நிற்கும் புனித பாவோ தேவாலயத்தில் போய் நிற்கிறது. படத்தில் அது மிகச் சிறியது. ஆனாலும் விரலால் மறைத்துப் பாருங்கள். நிலம் இருபுறமும் பிடிமானமின்றி வழிந்துவிடும்.

எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று வடக்கே பார்த்தால் தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கும் அதே வேலையைக் கொடுக்கலாம். நீங்கள் அவற்றைத் தாளின் பாதி உயரத்துக்கு வரைந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் அந்த வழியில் வந்தவன்தான்: காசிமேட்டில் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து, விசைப்படகுகளைக் கயிறு, கொடி, டயர் என எதையும் விடாமல் வரைந்து பெருமையோடு கொண்டுபோனபோது, எனக்குக் கற்பித்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "படகுகளைக் கணக்கெடுக்கப் போயிருந்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

நகலெடுப்பதற்கு வருகிறேன். இலை இலையாகப் பெயர்த்தால் கைதான் வலிக்கும். படத்தைத் தலைகீழாக வைத்து, அஞ்சலட்டை அளவுத் தாளில், கருமை, சாம்பல், வெறுந்தாள் என்ற மூன்றே சாயல்களில் பத்து நிமிடத்துக்குள் வரைந்து முடியுங்கள். எது மரம், எது வீடு என்று அதில் தெரியக் கூடாது. எந்தக் கருமை எந்த வெளிச்சத்தைத் தாங்குகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். பிறகு அதே பிரிவினைக்குள் எண்ணூரை வைத்துப் பாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் மேகங்களையே வரைந்து, தாளின் பின்புறம் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்துவைத்த ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள், பெயர்பெற்ற பிறகும், 1832-இல், ரூயிஸ்டாலின் பனிக்காலக் காட்சி ஒன்றை நகலெடுத்தார்.

1792-இல் சென்னைக்கு வந்த ஆங்கில ஓவியர்களான தாமஸ், வில்லியம் டேனியல்களைப் படிக்கும்படி சிலர் சொல்லக்கூடும். காட்சியைத் தாளில் விழச்செய்யும் இருட்டுப்பெட்டியான கேமரா அப்ஸ்க்யூராவைத் துணைக்கொண்டு வரைந்த அவர்களிடம் கட்டடத்தின் அளவைக் கற்கலாம். வெற்றுவெளியை ஆள்வதற்கு அவர்கள் அவ்வளவாக உதவ மாட்டார்கள்.

ஒன்று மட்டும்: சித்திரை வெயிலில் நம் வானம் வெளுத்துக் கிடக்கும், ரூயிஸ்டாலின் நிழற்பட்டைகள் அப்போது கிடைக்கா. ஐப்பசியில், கடலிலிருந்து மழைமேகம் ஏறி அதன் நிழல் கழிமுகத்தைக் கடக்கும் நேரத்தில் போங்கள். தாளைப் போட்டு மூட ஒரு பிளாஸ்டிக் பையும் கையில் இருக்கட்டும்.