ஆறு மாதக் கெடு என்று ஒன்று இருக்கிறதா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது, இனிப் பயிற்சி கொடுத்தும் கை திரும்பாது என்கிறார்கள், பிசியோவை நிறுத்திவிட்டு வீட்டிலேயே நாங்கள் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாகத் தேறும், அது உண்மை. அதற்காக ஆறாவது மாதத்தோடு கதவு சாத்தப்படுவதில்லை. லண்டனில் குவீன் ஸ்குயர் நரம்பியல் மருத்துவமனையில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைப்பயிற்சி கொடுத்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். வந்தவர்களில் பாதிப்பேருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் தாண்டியிருந்தது. கை முன்னேறியது, ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்தது. ஒப்பிட வேறு குழு இல்லை என்பதுதான் அதில் குறை. அப்புறம், அத்தனை மணி நேரம் நம் ஊரில் யார் கொடுக்கிறார்கள்!

வீட்டாரே பயிற்சி கொடுத்தால் பலன் உண்டா என்பதை இந்தியாவிலேயே சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், இன்னொன்றுக்கு அதோடு குடும்பத்தாருக்கும் பயிற்சி கற்றுக்கொடுத்தார்கள். 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள், 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இரு குழுவிலும் 47 சதவீதம். குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்ததால் கூடுதல் பலன் இல்லை. அதனால் பிசியோவை முழுதாக நிறுத்தாதீர்கள். செலவு இடித்தால் மாதம் இரண்டு முறையாவது காட்டி, வீட்டுப் பயிற்சியை மாற்றி எழுதி வாங்குங்கள்.

அப்பாவால் விரல்களைத் தானாகக் கொஞ்சமாவது விரிக்க முடிகிறதா? முடிந்தால் நம்பிக்கை அதிகம். சட்டைப் பொத்தான், டம்ளர் என்று நிஜ வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். தூக்கிவிடும்போது மட்டும் அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு நழுவும்.