வாசகர் கேள்வி: இகோவே காளான் மருந்தா?

கேள்வி: மழை விட்ட மறுநாளே எங்கள் பக்கம் ரோட்டோரத்தில் இகோவே விற்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நல்ல மருந்து என்கிறார் மாமியார். வேகும்போது ஒரு பல் பூண்டு போட்டு, அது கறுக்காவிட்டால் நம்பிச் சாப்பிடலாமாம். சரிதானா?
- வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: முதலில் அந்தப் பூண்டை நம்பாதீர்கள். பூண்டு, வெள்ளிக் காசு, மஞ்சள் எதுவுமே காளானின் விஷத்தைக் காட்டிக்கொடுக்காது. ஓக் மரத்தடியில் முளைக்கும் டெத் கேப் காளானின் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேலேயும் ஒன்றும் தெரியாமல் இருந்து, அப்புறம் வாந்தியும் பேதியும் வந்து, அதுவும் நின்று, பிழைத்தோம் என்று நினைக்கிற நேரத்தில் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

இகோவே கறையான் புற்றுக்குள் வளர்வது. குடையின் நடுவில் கூரான முனை இருக்கும், காம்பு வேர் மாதிரி நீண்டு மண்ணுக்குள் புற்று வரைக்கும் போகும். கறையான் இல்லாமல் வளராது என்பதால் பண்ணையில் போட முடிவதில்லை, விலையும் அதனால்தான். நம் ஊரில் ஆளை ஏமாற்றுவது புல்தரையில் வரும் பெரிய வெள்ளைக் குடைக்காளான். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வயிற்றைப் புரட்டிப் போடும். குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து இரவு முழுக்க வைத்தால் பச்சைத் தூள் உதிரும். இகோவேயில் உதிர்வது இளஞ்சிவப்பு. அதற்காக இளஞ்சிவப்பைப் பார்த்ததும் சட்டியில் போட்டுவிட வேண்டாம், காம்பையும் பாருங்கள். காம்பு நறுக்கியதை, விற்பவர் யாரென்று தெரியாமல், நான் வாங்கவே மாட்டேன்.

மருந்தா என்றால், இல்லை. நல்ல சாப்பாடு. பச்சைக் காளானில் சுமார் 90 சதவீதம் தண்ணீர்தான். மிச்சத்தில் புரதம், நார்ச்சத்து, பொட்டாசியம், பி வைட்டமின்கள். மாவுச்சத்து குறைவு என்பதால் சர்க்கரையை ஏற்றாது, அவ்வளவுதான், இறக்குகிற வேலையை உங்கள் மாத்திரைதான் செய்கிறது, அதை நிறுத்த வேண்டாம். இந்தக் காளான் இனத்தின் சாறுகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்திருக்கிறார்கள். அதை வைத்து மனிதருக்கு மருந்து என்று சொல்ல முடியாது. சமைக்கும் முன் நறுக்கிக் கொஞ்ச நேரம் மதிய வெயிலில் வைத்தால் வைட்டமின் டி கூடும், இது நிஜம். மசாலாவை மட்டும் அள்ளிக் கொட்டாதீர்கள், அப்புறம் கோழிக்குழம்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கேள்வி: காவடி விரதத்தில் காளான் சாப்பிடலாமா?
- வாசகர், பீனிக்ஸ், டர்பன்

பதில்: மாமிசம் இல்லை. ஆனாலும் விரத நாளில் காளானை ஒதுக்குகிற வீடுகள் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், என்னை மாட்டிவிடாதீர்கள்.